மாதவிடாய் நின்றபின் கூடிய 11 கிலோ

கேள்வி: எனக்கு வயது 52, ஊர் மதுரை. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் 11 கிலோ கூடி, இப்போது 74 கிலோ இருக்கிறேன். உயரம் 154 செ.மீ. பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்; சிகிச்சை முடிந்ததும் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னாராம். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லை. உடல் பருமனால் எனக்கும் வருமா?

பதில்: வந்தே தீரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. அதிலும் நீங்கள் இருக்கும் கட்டத்தில், மாதவிடாய் நின்ற பிறகு, அந்தத் தொடர்பு மிகத் தெளிவானது.

காரணம் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன். மாதவிடாய் இருக்கும்வரை இதைப் பெரும்பாலும் சினைப்பைகள் சுரக்கின்றன. அவை ஓய்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜனும் தீர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தீர்வதில்லை. அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் வேறு சில ஹார்மோன்களை, கொழுப்புத் திசுவில் உள்ள அரோமடேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. உடலில் கொழுப்பு கூடக் கூட இந்த உற்பத்தியும் கூடும். மார்பகப் புற்றுநோய்களில் கணிசமானவை இந்த ஹார்மோனின் தூண்டுதலால் வளர்பவை. அக்காவின் மருந்துச் சீட்டில் லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் என்று இருந்தால், அந்த மாத்திரை தடுப்பது இதே அரோமடேஸைத்தான். பருமனோடு கூடும் இன்சுலினும் செல்களின் வளர்ச்சியைத் தூண்டுகிறது.

எவ்வளவு கூடுகிறது? மாதவிடாய் நின்ற பெண்களில் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அளவு) 5 புள்ளி உயர்ந்தால் ஆபத்து சுமார் 12 சதவீதம் உயர்கிறது. உங்கள் பி.எம்.ஐ. 26.5 அளவிலிருந்து 31ஐத் தொட்டிருக்கிறது. கிட்டத்தட்ட அதே 5 புள்ளி. பயந்துவிடாதீர்கள். உதாரணத்துக்கு, ஆயிரம் பெண்களில் 30 பேருக்கு வரக்கூடிய நோய் 33, 34 பேருக்கு வரும் என்ற அளவுதான் அது. ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. ஆகவே நோய் வந்த பெண்ணைப் பார்த்து 'உடம்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள்' என்று பேசுவது பெரிய அநியாயம்.

குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை.

எடையைக் குறைத்தால் பலன் உண்டா என்றால், உண்டு. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 61,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். மூன்று ஆண்டுகளில் 5 சதவீதமோ அதற்கு மேலோ எடை குறைத்தவர்களுக்கு, எடை மாறாதவர்களைவிட மார்பகப் புற்றுநோய் 12 சதவீதம் குறைவாக வந்தது. உங்களுக்கு 5 சதவீதம் என்பது நான்கு கிலோகூட இல்லை! கூடிய பதினொன்றையும் ஒரே மூச்சில் இறக்க வேண்டியதில்லை. பட்டினி கிடக்காதீர்கள், விளம்பரப் பொடிகளை வாங்காதீர்கள். தட்டில் சோற்றைக் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுங்கள். மாலை பலகாரத்தையும் தேநீரின் சர்க்கரையையும் விட்டாலே மாற்றம் தெரியும். இடுப்புச் சுற்றளவையும் அளந்து குறித்து வையுங்கள். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. தைராய்டு, சர்க்கரை பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள்.

ஆனால் எடை குறைந்த பிறகு மார்பகப் பரிசோதனைக்குப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கூச்சத்தால் இப்படித் தள்ளிப்போடும் பெண்கள் பலர். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான். பருத்த மார்பகத்தில் சிறு கட்டி கைக்கு எளிதில் அகப்படாது. மாமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரேயில் நிலைமை வேறு: கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கட்டி தெளிவாகவே தெரியும். உங்கள் வயதில் மாமோகிராம் எடுப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். வலியில்லாத கட்டி, தோலில் குழி, உள்ளிழுத்த காம்பு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அந்த வாரமே போய்விடுங்கள்.

தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் அழைத்துக்கொள்ளுங்கள். எடையைக் குறைக்கும்படி அவருக்கும்தானே சொல்லியிருக்கிறார்கள்.