நன்னடத்தை அலுவலர் வீட்டைச் சோதனையிடலாமா?

கேள்வி: அடிதடி வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பான என் தம்பியைச் சிறைக்கு அனுப்பாமல், இரண்டு ஆண்டு நன்னடத்தைப் பிணைப்பத்திரத்தில் நீதிமன்றம் விடுவித்தது. அவனை மேற்பார்வையிடும் நன்னடத்தை அலுவலர் சென்ற வாரம் வீட்டுக்கு வந்து பீரோவைத் திறக்கச் சொன்னார். அவனது கைப்பேசியைத் திறந்து தரவும் கேட்டார். மறுத்தால் பத்திரம் ரத்தாகிவிடும் என்கிறார். அவருக்கு இந்த அதிகாரம் உண்டா? (பாலக்கோடு வாசகர், தருமபுரி மாவட்டம்)

பதில்: சட்டம் அவருக்கு அந்த அதிகாரத்தைத் தரவில்லை. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958இன் 14ஆம் பிரிவு அவருடைய கடமைகளாக விசாரித்து அறிக்கை தருதல், மேற்பார்வையிடுதல், வேலை தேட உதவுதல் போன்றவற்றையே சொல்கிறது. சோதனையிடுதல் அதில் இல்லை. ஆனால் வீட்டுக்கு வருவதும், தம்பியைச் சந்தித்து விசாரிப்பதும் மேற்பார்வையில் அடங்கும் என்பதால், வாசலிலேயே அவரைத் தடுத்து அனுப்பிவிடாதீர்கள்; அதுவே நிபந்தனை மீறல் என்று அறிக்கையில் ஏறக்கூடும்.

கலிஃபோர்னியாவில் பரோலில் வந்தவரைச் சந்தேகம் ஏதுமின்றியும் சோதனையிடலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006இல் சாம்சன் வழக்கில் ஏற்றது. அந்த நடைமுறை இங்கும் உண்டென்று சிலர் நம்புவதைப் பார்க்கிறேன். நம் உச்ச நீதிமன்றமோ, கண்காணிப்பில் உள்ளவரின் வீட்டுக்குக் காவலர்கள் இரவில் செல்வதை அனுமதித்த விதியையே கரக் சிங் வழக்கில் 1962இல் நீக்கிவிட்டது.

குற்றம் நடந்ததாக அலுவலர் சந்தேகித்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கலாம். நீதிமன்றச் சோதனை ஆணையின்றிச் சோதனையிட வரும் காவல் அதிகாரியும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185ஆம் பிரிவின்படி காரணத்தை எழுத்தில் பதிந்து, 48 மணி நேரத்துக்குள் அதன் நகலை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இரு சாட்சிகள், கைப்பற்றிய பொருள்களைப் பட்டியலிடும் மகஜர், ஒளிப்பதிவு ஆகியவையும் கட்டாயம்.

ஓர் எச்சரிக்கை: முறைகேடான சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் ஒரு பொருள் சாட்சியமாகாமல் போய்விடாது என்று 1973இல் பூரன்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தம்பியே மனமுவந்து கைப்பேசியைத் திறந்து கொடுத்தால், பிறகு அதை எதிர்த்து வாதிடுவது மேலும் கடினம். எனவே, "நீதிமன்ற உத்தரவு இருந்தால் காட்டுங்கள், ஒத்துழைக்கிறேன்" என்று தம்பி பணிவாகச் சொல்லட்டும்.

பத்திரம் ரத்தாகிவிடும் என்று அலுவலர் சொன்னதற்காக அஞ்ச வேண்டாம். அந்த முடிவு நீதிமன்றத்துடையது. நிபந்தனை மீறியதாக அறிக்கை வந்தால் நன்னடத்தைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி நீதிமன்றம் தம்பியை அழைத்து விசாரிக்கும். உண்மையென்று கண்டால் மூல வழக்குக்குத் தண்டனை விதிக்கலாம், முதல் மீறல் என்றால் ஐம்பது ரூபாய் வரை அபராதத்துடன் பத்திரத்தைத் தொடரவும் விடலாம். நிபந்தனைகளைக் கூட்ட வேண்டுமானாலும் அலுவலர் அதே சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி மனு செய்ய வேண்டும். தம்பியையும் பிணைதாரரையும் கேட்காமல் நீதிமன்றம் அதை மாற்ற முடியாது.

முதல் வேலையாக நகல் மனு போட்டுத் தீர்ப்பு, பிணைப்பத்திரம் இரண்டின் நகலையும் பெற்று, நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். அதில் சோதனை பற்றி ஏதும் இல்லாதபோதும் அலுவலர் வற்புறுத்தினால், நாள், நேரம், உடனிருந்தோர் பெயருடன் எழுதி, பத்திரம் பெற்ற நீதிமன்றத்திலேயே மனுவாகக் கொடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையெனில் தருமபுரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.