தொண்டை கேன்சர் வைரஸால வருமா? சிகரெட் பழக்கமே இல்லாதவங்களுக்கும் வருமா?

வரும். எங்க மாமாவுக்கே வந்துச்சு. பீடி சிகரெட், தண்ணி எதையும் தொடாத மனுஷன், 54 வயசு. ஷேவ் பண்ணும்போது தாடைக்கு கீழ கோலிகுண்டு சைஸ்ல ஒரு கட்டி கைல தட்டுப்பட்டுச்சு, அமுக்குனா வலிக்கல. வலி இல்லங்குறதாலயே நெறி கட்டிருக்குன்னு நாங்க எல்லாரும் அசட்டையா விட்டுட்டோம், ஆன்டிபயாடிக்லயே நாலு மாசம் போச்சு. கடைசில ஒரு ஈஎன்டி டாக்டர்தான் வாய்க்குள்ள விரல விட்டு தடவிப் பாத்துட்டு ஒரு பக்க டான்சில் கெட்டியா இருக்குன்னு சொன்னாங்க. அங்கருந்து துளி சதைய எடுத்து பயாப்சி டெஸ்ட் பண்ணதுல எச்பிவி, அதாவது ஹியூமன் பாப்பிலோமாங்குற வைரஸால வந்த கேன்சர்னு தெரிஞ்சுது.

எச்பிவில 200க்கு மேல வகை இருக்கு, தொண்டைல வேலைய காட்டுறது பெரும்பாலும் டைப் 16. கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம்னு நிரூபிச்சதுக்கு ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் ஸுர் ஹவுசனுக்கு 2008ல நோபல் கிடைச்சுது. தொண்டைல முக்கியமா டான்சிலும் நாக்கோட அடிப்பகுதியும்தான் இதுக்கு இலக்கு, அங்க இருக்குற சின்னச் சின்ன இடுக்குல போய் உக்காந்துக்கும். செல்லு கண்டமேனிக்கு பெருகாம காவல் காக்குற பி53, ஆர்பின்னு ரெண்டு புரோட்டீன் இருக்கு, இந்த வைரஸ் ரெண்டையும் முடக்கிடும். குரல்வளை கேன்சர் வேற கதை, அதுக்கு பெரும்பாலும் புகையிலையும் குடியும்தான்.

வைரஸ் தொத்துன எல்லாருக்கும் கேன்சர் வராது, நிறைய பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல உடம்பே விரட்டிடும். தங்கிட்டா கேன்சரா மாற பல வருஷம், 20, 30 வருஷம் கூட ஆகலாம்.

இது உடலுறவு, முக்கியமா வாய்வழி உறவு மூலமா பரவுறதுன்னு தெரிஞ்சதும் எங்க அத்தை டாக்டர்கிட்ட "அப்போ இவரு..."ன்னு ஆரம்பிச்சு பாதிலயே நிறுத்திட்டாங்க. டாக்டர் பொறுமையா சொன்னாங்க, எப்ப வந்துச்சு, யார்கிட்டருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா, கல்யாணத்துக்கு முன்னாடி உள்ளதா கூட இருக்கலாம், வாழ்க்கைல ஒரு தடவையாவது இது தொத்தாதவங்க ரொம்ப கம்மின்னு. வியாதியோட சேத்து சந்தேகத்தையும் வீட்டுக்குள்ள விடாதீங்க, ப்ளீஸ்.

ஒரு ஆறுதல், புகையிலையால வர்றத விட இது ரேடியேஷன், கீமோவுக்கு நல்லா கேக்கும். மாமா இப்ப நல்லா இருக்காரு, வாய் மட்டும் காஞ்சுக்கிட்டே இருக்கு.

எச்பிவி தடுப்பூசி 9லருந்து 14 வயசுக்குள்ள போட்டா நல்லது, பொண்ணுங்களுக்கு மட்டுமில்ல, ஆம்பள பசங்களுக்கும்தான், ஆனா ஏற்கனவே தொத்துனத அது சரி பண்ணாது. கழுத்துல கட்டி, வலி இல்லன்னாலும், ரெண்டு மூணு வாரத்துல கரையலன்னா நேரா ஈஎன்டிகிட்ட போங்க. டான்சில்ல கேன்சர்னு வந்துட்டா பயாப்சி ரிப்போர்ட்ல, அது எச்பிவியால வந்ததான்னு காட்டுற பி16 டெஸ்ட் பண்ணிருக்காங்களான்னு கேளுங்க.