இந்தியர் காசு அடிக்கக் கற்றது கிரேக்கரிடமா?

அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிறகுதான் இந்தியாவில் நாணயம் தோன்றியதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதற்கான சான்று, அவர் வந்து தங்கிய தட்சசீலத்திலேயே (இன்றைய பாகிஸ்தானின் டாக்சிலா) கிடைத்திருக்கிறது. அங்குள்ள பீர் மேட்டில் 1924இல் வெளிப்பட்ட புதையலில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்நாட்டு வெள்ளிக் காசுகளோடு அலெக்சாந்தரின் காசுகள் இரண்டும், அவருக்குப் பின் பட்டமேறிய பிலிப் அரிடேயஸின் காசு ஒன்றும் இருந்தன. கிரேக்கக் காசுகள் மூன்றும் புதுமெருகு குலையாமல் இருக்க, உள்நாட்டுக் காசுகளில் பல கைமாறிக் கைமாறித் தேய்ந்து போயிருந்தன. அவற்றின் எடைகளை ஆராய்ந்த கணித அறிஞர் டி. டி. கோசாம்பி, புழக்கத்தில் அவ்வப்போது சோதித்துப் பின்புறத்தில் குத்தப்பட்ட சிறு குறிகள் கூடக்கூட எடை குறைந்து செல்வதைக் காட்டினார். அலெக்சாந்தர் சிந்துவைக் கடந்த கி.மு. 326க்கு நெடுங்காலம் முன்பே அவை புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

செய்முறையும் வேறு. கிரேக்கர் வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி அடித்தனர். இங்கோ வெள்ளியைத் தகடாக்கி, துண்டுகளாக நறுக்கி, எடை மிகுந்தால் மூலையைச் சற்றே கத்தரித்துவிட்டு, சூரியன், ஆறு கை கொண்ட சக்கரம் போன்ற குறிகளை ஒவ்வொன்றாகத் தனித்தனி முத்திரையால் குத்தினர். கார்ஷாபணம் எனப்பட்ட அக்காசின் எடை 32 குன்றிமணி, அதாவது ஏறத்தாழ 3.4 கிராம். எங்கள் தாத்தா பொற்கொல்லர். அவருடைய தராசுப் பெட்டியில் கிடந்த குன்றிமணிகளுக்கு இத்தனை பழைய உறவு இருப்பதை நான் வெகுநாள் கழித்தே அறிந்தேன்.

வெளித்தொடர்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தட்சசீலம் அடங்கிய காந்தார நாட்டில் வழங்கிய, ஏறத்தாழ 11 கிராம் எடையுள்ள வளைந்த வெள்ளிக் கட்டிகள் பாரசீகத்தின் சிக்லோஸ் காசு இரண்டுக்கு நிகராக இருப்பதை ஆய்வாளர்கள் சுட்டுகின்றனர். எனவே முத்திரையிட்ட பணம் என்னும் எண்ணம் அவ்வழியே வந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் மன்னரின் உருவமும் பெயரும் காசில் ஏறியது, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கை ஆண்ட இந்தோ-கிரேக்கரால்தான். அந்தப் பெருமை அவர்களுக்கே உரியது.

தமிழகத்திலும் இம்முத்திரைக் காசுகள் புழங்கின. போடிநாயக்கனூரில் கிடைத்த 1,124 வெள்ளிக் காசுகளின் பின்புறத்தில் கயல் போன்ற குறி இருப்பதால், அவற்றைப் பாண்டியர் வெளியிட்டவை என்று கருதுகின்றனர். அவற்றில் எழுத்து இல்லை. பாண்டியரின் பெயரைக் காண, தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்று பொறித்த செப்புக் காசுகளைத்தான் பார்க்க வேண்டும்.