முதுகுல டிபியா? எக்ஸ்ரே, எம்ஆர்ஐ பற்றிச் சில கேள்விகள்

காசிமேட்டிலிருந்து ஒருவர்: மூணு மாசமா நடுமுதுகில் வலி. எக்ஸ்ரே நார்மல்னுட்டு இப்ப எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க. காசு பிடுங்குற வேலையா?

இல்லைங்க. எலும்பில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் எக்ஸ்ரேயில் ஏதாவது தெரியும். எம்ஆர்ஐ அப்படியில்லை, மஜ்ஜையில் நீர் கோத்த உடனேயே காட்டிவிடும். அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகள் டிஸ்க்கை ஒட்டிய ஓரத்தில் அரித்திருந்து, பக்கத்தில் மெல்லிய சுவரோடு சீழ்க்கட்டியும் இருந்தால் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் எங்களுக்கு முதலில் டிபி ஞாபகம்தான் வரும். முழு முதுகையும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள், வலிக்காத இடத்திலும் சத்தமில்லாமல் இருக்கும். வெளியே கட்டுப்படியாகாவிட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். ஆனால் கால் மரத்தாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

வியாசர்பாடி அம்மா: மகளுக்கு இருமலே இல்லை, நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தம். முதுகில் எப்படி?

கிருமி ரத்தத்தோடு போய் எலும்பில் உட்கார்ந்துவிடும்மா. நெஞ்சுப் படம் சுத்தமாக இருப்பவர்கள் நிறைய பேர்.

தண்டையார்பேட்டை வாசகர்: ரிப்போர்ட்டில் 'டிபியாக இருக்கலாம்'னு போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு ஊசி குத்திச் சதை எடுக்கணும்?

அந்த 'லாம்' நானும் தினம் எழுதுவதுதான். வேறு கிருமியும், சில நேரம் புற்றுநோயும் படத்தில் இதே வேஷம் போடும். படம் இடத்தைக் காட்டும், பேரைச் சொல்லாது. குப்புறப் படுக்க வைத்து, தோலை மரக்க வைத்து, ஊசி முனை எங்கே போகிறது என்று சிடியில் பார்த்துப் பார்த்துத்தான் நகர்த்துவோம். ஒரு விஷயம் மட்டும் கேட்டு வையுங்கள்: எடுத்த சதை மொத்தத்தையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் திரவம்) போட்டால் கிருமி செத்துப்போகும், கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், முளைக்காது. அப்படி வந்த பாட்டிலைப் பார்த்துத் தலையில் கைவைத்திருக்கிறேன். ஒரு துண்டு பயாப்சிக்கு, இன்னொன்று ஃபார்மலின் படாமல் கல்ச்சருக்கும், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும். ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்து கேட்குமா என்பதையும் சிபிநாட் சொல்லிவிடும்.

ராயபுரம் வாசகர்: நாலு மாச மாத்திரையில் வலி போச்சு. எம்ஆர்ஐ மட்டும் அப்படியே இருக்கு?

படம் எப்பவும் உடம்புக்குப் பின்னால்தான் வரும், முதல் சில மாதங்களில் மோசமானது போலக்கூடத் தெரியும். வலி குறைந்து எடை ஏறுகிறதா, அதைப் பாருங்கள். மாத்திரை பொதுவாக 12 மாதம், சிலருக்கு 18 கூட, நடுவில் நிறுத்தாதீர்கள்.

கொருக்குப்பேட்டை: எம்ஆர்ஐயில் கதிர்வீச்சு?

கிடையாது, சத்தம்தான் காதைப் பிளக்கும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். நகையெல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாங்க, சென்டர் வாசலில் தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று நடக்கும் பஞ்சாயத்தில்தான் பாதி நேரம் போகிறது.