கறுப்பு கிரையான்

அன்புள்ள ஐயா,

என் மனைவி இறந்து ஏழு மாதமாகிறது. மகனுக்குப் பத்து வயது. அவன் அழுவதில்லை. அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறான். ஆனால் தினமும் வரைகிறான், தாள் முழுக்கக் கறுப்பாகத் தேய்க்கிறான். கறுப்பு என்றால் மனச்சோர்வு என்று உறவினர் ஒருவர் சொன்னதால் அந்தக் கிரையானை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். ஓவிய சிகிச்சை என்கிறார்களே, அதில் பலன் உண்டா? நிறங்களுக்கு என்ன பொருள்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

நிறங்களுக்கு அகராதி கிடையாது. இருப்பதாகச் சொல்பவர்களிடம் கைரேகையும் பார்த்துக்கொள்ளலாம். என் அக்காள் மகள் சிறுமியாக இருந்தபோது அவள் அப்பாவைக் கைகளே இல்லாமல் வரைந்தாள். பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். வீட்டில் ஏதாவது சண்டையா என்று என் அக்காளைத் தனியே அழைத்து விசாரித்தார்கள். கடைசியில் அவளிடமே கேட்டோம். "எனக்கு விரல் வரைய வராது" என்றாள்.

ஓவிய சிகிச்சை என்ற பெயரை 1942இல் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய்க்காகப் படுத்திருந்த நாட்களில் கண்ணுக்கு எட்டியதையெல்லாம் வரைந்தவர், பிறகு மற்ற நோயாளிகளையும் வரைய வைத்தார். எனக்கு அவரைவிட எட்வர்ட் ஆடம்சனைப் பிடிக்கும். 1946 முதல் இங்கிலாந்தின் நெதர்ன் மனநல மருத்துவமனையில் ஓவியக்கூடம் நடத்தியவர். படங்களை வைத்து நோயைப் படிக்க முடியுமா என்று பார்க்கவே மருத்துவர்கள் அதைத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே வண்ணங்கள். இதை வரை என்று அவர் சொல்லக் கூடாது, வரைந்ததற்கு விளக்கமும் கூடாது. ஆய்வுக்காக வந்த விதி அது. ஆடம்சன் அதையே தன் வழியாக்கிக்கொண்டார். வரைபவர்களோடு கூடவே இருந்தார், அவ்வளவுதான். 1981இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

பலன் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் மாத்திரை விழுங்கியதும் காய்ச்சல் இறங்குவதைப் போல எதிர்பார்க்காதீர்கள். வாயில் வராதது கைவழியே வந்து தாளில் கிடக்கிறது; அதை இருவர் சேர்ந்து பார்க்க முடிகிறது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் அங்கிருந்து பேச்சைத் தொடங்குவார். தெருமுனை ஓவிய வகுப்பு வேறு. அங்கே படத்துக்கு மார்க் போடுவார்கள்.

நீங்கள் சிகிச்சையாளராக வேண்டாம். அவன் வரையும்போது நீங்களும் ஒரு தாளோடு தரையில் உட்காருங்கள். "ஏன் இப்படி வரைந்தாய்?" என்று கேட்காதீர்கள். "இதைப் பற்றிச் சொல்கிறாயா?" என்று கேட்கலாம். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆனால் சாப்பாடும் தூக்கமும் குறைந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, தானும் செத்துப்போக வேண்டும் என்று பேசினாலோ காத்திருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அந்தக் கிரையானை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூட ஒன்று வாங்கியும் வையுங்கள், அப்படித் தேய்த்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும்.