தாளும் தாழ்ப்பாளும்

கேள்வி: செக் நாட்டின் பிராக் நகரில் ஆண்டுதோறும் ஹேக்கர்கள் மாநாடு நடக்கிறதாமே? பிட்காயின், அரசியல், கலைக் கலகம் எல்லாம் ஒரே கூரையின் கீழ்! இனி தாள் பணத்தின் காலம் முடிந்ததா?

பதில்: ‘தாள்’ என்றீர்களே, அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்த மாநாட்டைத் தொடங்கிய இடத்தின் பெயர் ‘பராலெல்னி போலிஸ்’. இணை நகரம் என்று பொருள். கலைக் கலகக்காரர்களான ஸ்டோஹோவென் குழுவினரும் அவர்களின் நண்பர்களும் 2014ல் ஹொலெஷோவிட்சே பகுதியில் அதைத் திறந்தார்கள். பெயர் அவர்களுடையது அல்ல. கம்யூனிஸ்ட் ஆட்சியை எதிர்த்த செக் எழுத்தாளர் வாட்ஸ்லாவ் பெண்டா 1978ல் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்தது. அரசின் பள்ளியும் பத்திரிகையும் அரங்கும் நமக்கு இல்லையா, சரி, பக்கத்திலேயே நமக்கென்று வேறு கட்டிக்கொள்வோம் என்றார் பெண்டா. அடுத்த ஆண்டே பிடித்து உள்ளே போட்டார்கள். வெளியே வர நான்கு ஆண்டுகள் ஆயின.

பெண்டாவின் கூட்டத்தார் அந்த இணை நகரத்தை எதை வைத்துக் கட்டினார்கள்? தாளை வைத்துத்தான். அச்சகம் கிடையாது. மெல்லிய தாள்களுக்கு நடுவே கார்பன் வைத்துப் பத்துப் பன்னிரண்டு படிகள் அடித்துக் கைமாற்றினார்கள். எழுத்தாளர் லுட்விக் வட்ஸுலிக் அப்படி நடத்திய நூல்வரிசையின் பெயர் ‘பெட்லிட்ஸே’. தாழ்ப்பாள்! நான் தட்டச்சுப் பழகிய நாட்களில் ஐந்து படி எடுத்தாலே கடைசிப் படி நிழல் மாதிரி விழும். அதற்காக ஓங்கி அடித்தால் மேல் தாளில் மெய்யெழுத்துப் புள்ளியெல்லாம் ஓட்டை. பன்னிரண்டு படிக்கு அந்த விரல்கள் என்ன பாடுபட்டிருக்கும்! பெரும்பாலும் பெண்களின் விரல்கள். அவர்கள் பெயரை யாரும் அட்டையில் போடவில்லை.

‘இணை நகரம்’ என்ற பெயரைத் தாங்கிய இடத்தின் காபிக்கடையில் ரொக்கம் செல்லாது, பிட்காயினில்தான் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்கள் பக்கத்து நியாயம் பெரியது. மறுக்க மாட்டேன். 2010 டிசம்பரில் விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும், அரசுகளின் ரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் தளத்துக்குப் பணம் போகும் வழியை அடைத்தன. எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லவில்லை. மறு ஆண்டு விக்கிலீக்ஸ் பிட்காயினில் நன்கொடை வாங்கத் தொடங்கியது. அந்தத் தேவை உண்மையானது.

ஆனால் கைமாறும் ஒவ்வொரு பிட்காயினும் பதிவாகும் பேரேடு ஊரறியத் திறந்து கிடக்கிறது. ஒரு வரியைக்கூட அழிக்க முடியாது. 2016ல் பிட்ஃபினெக்ஸ் என்ற இணையப் பணச் சந்தையிலிருந்து சுமார் 1,20,000 பிட்காயின் திருடு போனது. ஐந்தரை ஆண்டு கழித்து, 2022ல், அமெரிக்க அதிகாரிகள் அந்தப் பேரேட்டின் தடத்தைப் பிடித்துப் போய் 94,000க்கு மேல் மீட்டார்கள். திருடனைப் பிடித்தது நல்லதுதான். ஆனால் துண்டறிக்கை அடிக்கக் காசு கொடுத்தவரையும் அதே தடத்தில் பிடிக்கலாமே! தடம் மறைக்கும் மொனெரோ போன்ற இணையப் பணங்கள் உண்டு. அதற்கும் போன் வேண்டும், மின்சாரம் வேண்டும், விவரம் தெரிந்த பிள்ளை ஒருவர் கூட வேண்டும். கையிலிருந்து கைக்குப் போகும் நோட்டு யாரிடமும் பெயர் கேட்பதில்லை. அரசுக்கு அஞ்சி வாழ்பவருக்கு அதைவிட நல்ல பணம் இன்னும் வரவில்லை என்றுதான் சொல்வேன்.

செக் நாட்டுப் பணமான கொருனா நோட்டோடு வந்தவர் அந்தக் காபிக்கடையில் இருந்த எந்திரத்தில் அதைச் செருகி, பிட்காயினாக மாற்றிய பிறகே காபி கேட்க முடியும். கார்பன் படி அடித்த பெண்களில் ஒருவர் வயதான காலத்தில் நோட்டும் கையுமாக அங்கே நுழைந்திருந்தால், அவரையும் அந்த எந்திரத்தின் முன்னால் நிறுத்தியிருப்பார்களா? மாநாட்டு மேடையில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.