கடலில் கலக்கும் பிளாஸ்டிக்: வாசகர் கேள்வி-பதில்

கே: நெத்திலி வயிற்றில் மைக்ரோபிளாஸ்டிக் இருக்கிறதாமே, சாப்பிடலாமா?

ப: தாராளமாக. இந்தப் பொடிப் பிளாஸ்டிக் துகள்கள் பெரும்பாலும் குடலில்தான் தங்கும். நெத்திலி ஆயும்போது தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கருவாட்டிலும் தலையையும் வயிற்றையும் கிள்ளிவிடுங்கள். மட்டியை மட்டும் குடலோடு தின்கிறோம், அதை அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

கே: பசிபிக்கில் இருக்கும் பிளாஸ்டிக் தீவில் நடக்க முடியுமா?

ப: அங்கே தீவே இல்லை. எத்தனை முறை எழுதுவது? படகில் போனால் பல இடங்களில் வெறும் தண்ணீர்தான் தெரியும், நுண்கண் வலையை இழுத்துப் பார்த்தால்தான் பிளாஸ்டிக் துகள் சிக்கும். எடைக்கணக்கில் அங்குள்ள பிளாஸ்டிக்கில் கிட்டத்தட்டப் பாதி மீன்வலை.

கே: எங்கள் கடற்கரையில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் ஒதுங்குகின்றன. இவை என்ன? ஆபத்தா?

ப: எந்த ஊர், எந்த மாதம் என்று எழுதவில்லை. அது தெரியாமல் எந்தக் கப்பலின் சரக்கு என்று எப்படிச் சொல்வது? பொருள் என்னவோ நர்டில்தான். ஆலையில் உருக்கிக் குடமும் பையும் செய்கிற மூலச்சரக்கு. 2025 மே மாதம் கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலிலிருந்து வெளியேறியவை குமரிக் கரைக்கும், தனுஷ்கோடி வரைக்கும் வந்தன.

மீன் முட்டை அளவில் மிதப்பதால் மீனும் பறவையும் இரையென்று விழுங்குகின்றன. வயிறு நிறைந்துவிடும், சத்து ஒன்றும் இராது. கடலில் கிடக்கும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்ற நஞ்சுகளும் மணியின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு ஆறாத கோபம் இதில்தான். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,700 டன் நர்டில் கடலில் போனது. அவ்வளவு நடந்தும், கப்பல்களுக்கு விதி வகுக்கும் ஐ.நா.வின் சர்வதேச கடல்சார் அமைப்பு 2024இல் தந்தது வெறும் பரிந்துரை: கிழியாத பையில் கட்டுங்கள், கூடுமானவரை மேல்தளத்தில் அடுக்காதீர்கள் என்று. எல்சா மூழ்கியபோதும் அது கட்டாயமாகவில்லை. அமிலத்துக்கு ஆபத்துச் சரக்கு முத்திரை குத்துகிறார்கள். பல பத்தாண்டுகள் கரையாமல் கிடக்கும் இதற்கு ஏன் கூடாது? கடலில் இறங்கிய துகளைத் திரும்ப எடுக்க முடியாது, இறங்குமுன் தடுப்பதுதான் வழி.

கரையைச் சுத்தம் செய்ய ஜேசிபியை மட்டும் கூப்பிடாதீர்கள். அது மணிகளை ஆழத்தில் புதைக்கும், ஆமை முட்டையையும் நசுக்கும். அலை விட்டுப்போன கோட்டில் மேல்மணலை மட்டும் அள்ளி, ஒரு வாளி கடல்நீரில் கொட்டிக் கலக்குங்கள். மணல் அடியில் தங்கும், மணி மேலே வரும். சல்லடையால் வழித்தெடுங்கள். கையுறை கட்டாயம்.

கே: 'பயோடிகிரேடபிள்' பை கடலில் மக்கிவிடுமா?

ப: பையில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். இங்கிலாந்தின் பிளைமவுத் பல்கலைக்கழகத்தார் அப்படியொரு பையை மூன்று வருடம் கடலில் போட்டுவைத்தார்கள். அப்புறமும் அதில் சாமான் தூக்க முடிந்தது.

கே: துணி துவைத்தாலுமா கடல் கெடும்?

ப: ஆமாம். அக்ரிலிக் என்ற செயற்கைத் துணி 6 கிலோ துவைத்தால் ஏழு லட்சத்துக்கும் மேல் பிளாஸ்டிக் இழை உதிரலாம். குளிர்ந்த நீரில், குறைந்த நேரம், மெஷின் நிறையத் துணி போட்டுத் துவையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், இறங்குமுன் தடுங்கள்: ஃபில்டரில் சேரும் பஞ்சைக் குழாயடியில் அலசாமல் குப்பையில் போடுங்கள்.